ராத்திரி ஷிப்ட்டில் எத்தனை பேர்? படைவீரர் இல்லங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாநிலப் படைவீரர் இல்லங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு செவிலியர். மருத்துவமனை வார்டில் வேலை. என் மாமனார் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். இப்போது பார்க்கின்சன் நோயோடு ஒரு மாநிலப் படைவீரர் இல்லத்தில் இருக்கிறார். எந்த மாநிலம், எந்த இல்லம் என்று சொல்லப்போவதில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வீட்டுப் பெரியவரை ஓர் இல்லத்தில் ஒப்படைத்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும்.

இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. தமிழிலும் எழுதுவது, இங்கே பராமரிப்பு இல்லங்களில் கால் கடுக்க நிற்கும் தமிழ்ச் செவிலியருக்காக. அம்மா அப்பாவை ஓர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று இணையத்தில் தர நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகவும்தான்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஓர் இல்லத்தின் தரத்தை அளக்கும்போது, எந்த நேரத்தில் எத்தனை பேர் அங்கே வேலையில் இருந்தார்கள், இன்றைக்கு வந்தவர் நாளைக்கும் வருவாரா என்பதை முதலில் பாருங்கள். பார்த்ததை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். மற்ற அளவுகோல்களெல்லாம் இதற்கு அப்புறம்.

ஹோலியோக் என்ற பெயரை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1952-இல் திறக்கப்பட்ட படைவீரர் இல்லம் அது. 2020 மார்ச் 27 அன்று, ஆள் போதவில்லை என்று, மறதிநோய் வந்தவர்கள் இருந்த இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். 25 பேருக்கான இடத்தில் 42 பேர். கொரோனா தொற்றியவரும் தொற்றாதவரும் அடுத்தடுத்த கட்டில்களில். சாப்பாட்டு அறையிலும் கட்டில் போட்டார்கள். அந்த அலையில் குறைந்தது 76 முன்னாள் படைவீரர்கள் இறந்துபோனார்கள். 2022-இல் மாநில அரசு குடும்பங்களுக்கு 5.6 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. கண்காணிப்பாளர் மீதும் மருத்துவ இயக்குநர் மீதும் போடப்பட்ட குற்ற வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மாநில உச்ச நீதிமன்றத்தில் மறுபடி உயிர்பெற்று, 2024-இல் சிறை இல்லாமல் மூன்று மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு முடிந்தது.

அந்தக் கண்காணிப்பாளர் ஓய்வுபெற்ற மரைன் அதிகாரி. பராமரிப்பு இல்லம் நடத்துவதற்கான உரிமம் அவரிடம் இல்லை. இருக்க வேண்டும் என்று அன்றைய மாநிலச் சட்டமும் கேட்கவில்லை. 2022-இல் வந்த சட்டம்தான் அதைக் கட்டாயமாக்கியது. எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு செவிலியராக எனக்கு உறுத்துவது, இரண்டு பிரிவை ஒன்றாக்கச் சொன்ன காரணம். வார்டில் ஆள் இல்லை. அந்தக் குறை கொரோனாவோடு வந்து இறங்கியதல்ல, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊழியர்கள் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த ஆய்வுத் தாளும் அதை ஓர் அபாய மணியாக வெளியே கேட்கும்படி அடிக்கவில்லை.

இப்போது ஹோலியோக்கில் 48 கோடி டாலருக்கு மேல் செலவில் 234 படுக்கைகளோடு புதுக் கட்டடம் எழும்புகிறது. சந்தோஷம். தனித்தனி அறை இருந்தால் தொற்று பரவுவது குறையும், மானத்தோடு குளிக்கலாம். ஆனால் கட்டடம் யாரையும் புரட்டிப் படுக்க வைக்காது. புட்டத்தில் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒருவரைத் திருப்பிவிட இரண்டு கை வேண்டும், கனத்த ஆளாக இருந்தால் நான்கு கை வேண்டும்.

சரி, எத்தனை கை இருக்கிறது? உங்கள் துறையின் விதிப்படி, மாநிலப் படைவீரர் இல்லத்தில் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 2.5 மணி நேர நேரடிச் செவிலியர் பராமரிப்பு கிடைக்க வேண்டும். படிக்கும்போது தாராளமாகத் தெரிகிறது. 30 பேர் உள்ள ஒரு பிரிவுக்குக் கணக்குப் போடுங்கள். மொத்தம் 75 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட்டாகப் பிரித்தால், காலை, மாலை, இரவு மூன்றுக்கும் சேர்த்து ஒன்பது பேர் சொச்சம். குளிப்பாட்டல், சாப்பாடு, டாக்டர் ரவுண்ட் எல்லாம் பகலில் என்பதால் பகலுக்கு நான்கைந்து பேர் போய்விடுவார்கள். மாலைக்கு மூன்று. இரவுக்கு மிஞ்சுவது இரண்டு. அந்த இரண்டில் ஒருவர் மாத்திரை வண்டியோடு இருப்பார். யாராவது ஒருவர் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டால் இருவரும் அங்கே ஓட வேண்டும். மீதி 29 பேருக்குக் கடவுள் துணை.

இது குறைந்தபட்சம்தான், பல இல்லங்கள் இதற்கு மேலேயே ஆள் வைத்திருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். எங்கள் இல்லமும் வைத்திருக்கிறது. ஆனால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரை நடத்தும் சி.எம்.எஸ். நிறுவனத்துக்காக 2001-இல் நடந்த ஆய்வு, நீண்டகாலம் தங்குவோருக்குத் தீங்கு வராமல் இருக்க ஏறக்குறைய 4.1 மணி நேரம் வேண்டும் என்றது. 2024-இல் அதே நிறுவனம் 3.48 மணி நேரம் என்று ஒரு விதி கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. விதி வருவதும் போவதும் அரசியல். குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற உண்மையையாவது மறைக்காமல் சொல்லலாமே.

நட்சத்திர மதிப்பெண் அதைச் சொல்கிறதே என்பீர்கள். 2008 முதல் சி.எம்.எஸ். கொடுத்துவரும் அந்த ஐந்து நட்சத்திரம் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் போடும் மதிப்பெண்: ஆய்வில் கண்ட குறைகள், ஆள் எண்ணிக்கை, தர அளவீடுகள். ஆய்வுக்கான நட்சத்திரம் அந்தந்த மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவது. மாநிலத்தில் முதல் 10 சதவீத இல்லங்களுக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று. ஆக, மாநிலம் முழுக்கத் தரம் சரிந்தாலும் யாரோ ஒருவர் ஐந்து நட்சத்திரத்தோடு நிற்பார். தர அளவீடுகளில் பெரும்பகுதி, இல்லங்கள் தாங்களே நிரப்பி அனுப்பும் படிவத்திலிருந்து வருபவை. பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த கதைதான். 2020-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விழுந்து பலத்த காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் மெடிக்கேர் பில்களை எடுத்து, அதே ஆள்களைப் பற்றி இல்லங்கள் அனுப்பிய படிவங்களோடு ஒப்பிட்டார்கள். படிவத்தில் பதிவாகியிருந்தவை 100-க்கு 60 கூட இல்லை.

ஆள் எண்ணிக்கைதான் கொஞ்சம் நம்பகமானது. 2018 முதல் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். அதற்கு முன் அதுவும் இல்லங்கள் தாமே எழுதிக் கொடுத்ததுதான். 2022 முதல் வார இறுதியில் எத்தனை பேர், ஓராண்டில் எத்தனை ஊழியர் விட்டுப் போனார்கள் என்பதும் தெரிகிறது. நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சம்பளப் பட்டியல் நாள் கணக்கில் நிற்கிறது. பகலில் கூட்டமாக இருந்து ராத்திரியில் காலியாகக் கிடந்தாலும் மொத்தத்தில் எண்ணிக்கை அழகாகத்தான் இருக்கும்.

ராத்திரிக் கணக்கு எங்கேயும் இல்லையா என்றால், இருக்கிறது. சி.எம்.எஸ். சான்று பெற்ற ஒவ்வோர் இல்லமும் ஷிப்ட்வாரியாக எத்தனை செவிலியர், எத்தனை உதவியாளர், எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று தினமும் ஒரு தாளில் எழுதி, வருபவர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். எங்கள் இல்லத்திலும் அது வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில், பிங்கோ அறிவிப்புக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. அந்தத் தாள்களைப் பதினெட்டு மாதம் பத்திரப்படுத்தவும் வேண்டும். என் கோரிக்கையின் முதல் பாதி இவ்வளவுதான்: அந்தத் தாளை உங்கள் இணையதளத்தில் ஏற்றுங்கள். சி.எம்.எஸ். சான்று இல்லாத படைவீரர் இல்லங்களும் அதே தாளை எழுதி ஒட்டட்டும், அதையும் ஏற்றுங்கள்.

இரண்டாம் பாதிக்கு என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரைத் தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது. கட்டிலின் கால்மாட்டில் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறந்து ஆளை அடையாளம் கண்டபிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேலாக எங்கள் மாமியார் அப்படித்தான் எழுப்பினார். ஜூலை 4 வாணவேடிக்கை இரவில் ஜன்னல் திரையை மூடி, ரேடியோவைச் சற்றுச் சத்தமாக வைக்க வேண்டும். இதெல்லாம் அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதைப் படிக்க நேரமில்லாமலே, காலை ஷிப்ட்டில் வரும் அந்த கானா நாட்டுப் பெண்மணிக்கு எல்லாம் தெரியும். வெகுநாளாக அதே பிரிவில் இருப்பவர். "குட் மார்னிங், சார்ஜென்ட்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவர் லீவில் போன ஒரு வார இறுதியில், தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் ஓர் உதவியாளர் வந்தார். சின்னப் பெண். அன்றுதான் முதல்முறையாக அந்த மாடிக்கு வருகிறார், கையில் பதினான்கு பேர் பட்டியல். ஈரமான டயப்பரை மாற்றப் பின்னாலிருந்து தோளைத் தொட்டிருக்கிறார். மாமா கையை வீசிவிட்டார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் காயம். குறிப்பேட்டில் "தாக்கும் போக்கு" என்று ஏறியது. திங்கட்கிழமைக்குள், அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் கொடுக்கலாமா என்று பேச்சு. பார்க்கின்சன் உள்ளவருக்கு ஹாலோபெரிடால் கொடுத்தால் உடம்பு மரக்கட்டையாக விறைத்துவிடும், விழுங்க முடியாமல் போகும். நான் செவிலியர் என்பதால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த முடிந்தது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதே வார இறுதியில் இன்னொன்றும் நடந்தது. மாமாவின் லெவோடோபா மாத்திரை காலை ஆறு மணிக்கு. அன்று அது நேரத்துக்கு வரவில்லை. இந்த நோயில் அந்த மாத்திரை நேரம் தப்பினால் நாளே தப்பிப் போகும். ஏழரைக்கு வந்தால் ஏழரை வரை கை மடங்காது, கரண்டி பிடிக்க முடியாது, காலைச் சாப்பாடு ஆறிப்போய்த் திரும்பிவிடும். பார்க்கின்சன், ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி தெளிக்கப்பட்ட இடங்களில் இருந்தவர்களுக்குப் போரால் வந்த நோயாகவே கருதப்படும் என்று 2010-லேயே உங்கள் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே இது உங்கள் இல்லங்களில் அபூர்வ நோய் அல்ல. ஆனால் மாத்திரை நேரத்துக்குப் போனதா என்பது ஐந்து நட்சத்திரத்தில் எங்கேயும் இல்லை. மருந்து கொடுத்த நேரம் கம்ப்யூட்டரில் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே, ஒரு பிரிவில் மாதத்தில் எத்தனை ஷிப்ட் ஏஜென்சி ஆள்களால் நிரம்பியது, ஒரே நபரை மாதத்தில் எத்தனை வெவ்வேறு உதவியாளர்கள் கவனித்தார்கள், பார்க்கின்சன் மாத்திரைகள் எத்தனை சதவீதம் நேரத்துக்குப் போயின, இந்த மூன்றையும் கேளுங்கள். 2017, 2018 ஆண்டுகளின் சம்பளப் பட்டியலை வைத்து நாடெங்கும் செய்த ஆய்வொன்றில் பராமரிப்பு இல்லங்களில் செவிலியர், உதவியாளர் மாறும் விகிதம் சராசரியாக ஆண்டுக்கு 128 சதவீதம் என்று வந்தது. அதாவது, ஒரு வருடத்தில் விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை, சராசரியாக, இருக்கும் மொத்த ஆள்களின் எண்ணிக்கையையே தாண்டிவிடுகிறது. போரின் நினைவோடும் மறதியோடும் சேர்ந்து படுத்திருக்கும் ஒருவருக்கு, தினமும் காலையில் புது முகம் ஒன்று கையைப் பிடித்து இழுப்பது என்னவாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி கண்காணிப்புக்கு வருகிறேன். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த கதை. இல்லம் மாநிலத்துடையது. கட்டும் செலவில் 65 சதவீதம் வரை நீங்கள் தருகிறீர்கள், தங்குபவருக்குத் தினப்படி தருகிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்த நிறுவனம் ஒன்று உங்கள் சார்பில் ஆய்வு செய்கிறது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2019-இல் இதைப் பற்றி எழுதியது: ஆய்வில் தெரிந்த சில குறைகளைக் குறை என்று பதியாமல் 'பரிந்துரை' என்று எழுதிவிட்டார்கள், மாநில இல்லங்களின் தரத் தகவலும் அன்று உங்கள் இணையதளத்தில் இல்லை. 2022-இல் மறுபடியும் எழுதியது: தினப்படியை நிறுத்துவதைத் தவிர உங்களிடம் வேறு ஆயுதம் பெரிதாக இல்லை. தினப்படியை நிறுத்தினால் அடி விழுவது கட்டிலில் கிடப்பவருக்குத்தான் என்பதால் நீங்களும் தயங்குகிறீர்கள். நியாயமான தயக்கம். ஆனால் அபராதம், புதுச் சேர்க்கைக்குத் தடை என்று சி.எம்.எஸ். கையில் இருக்கும் இடைப்பட்ட தண்டனைகளை உங்களுக்கும் தரச் சொல்லி நாடாளுமன்றத்தில் நீங்களே கேட்கலாம்.

தகவலை வெளியிடுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. உங்கள் துறை நேரடியாக நடத்தும் இல்லங்களுக்கு உள்ளுக்குள் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தீர்கள், வெளியே சொல்லவில்லை. 2018-இல் இரண்டு பத்திரிகைகள் அதைக் கையில் எடுத்த பிறகுதான் வெளியே வந்தது. ஏறக்குறைய பாதி இல்லங்கள் ஒற்றை நட்சத்திரத்தில் இருந்தன. அன்றைக்கு வெட்கமாக இருந்திருக்கும். ஆனால் வானம் இடிந்து விழவில்லை. இல்லினாயில் குயின்சி இல்லத்தில் 2015-இல் தண்ணீர்க் குழாயில் வளர்ந்த லெஜனெல்லா கிருமியால் 12 பேர் இறந்தார்கள். நியூ ஜெர்சியின் மென்லோ பார்க், பரமஸ் இல்லங்களில் தங்கியிருந்தோரின் அரசியலமைப்பு உரிமையே மீறப்பட்டது என்று 2023-இல் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் எழுதியது. ஒவ்வொரு முறையும் பிணம் விழுந்த பிறகுதான் காகிதம் வெளியே வருகிறது.

ஆய்வாளர்கள் வரும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சி.எம்.எஸ். ஆய்வுகளில் பத்தில் ஒன்றாவது அதிகாலை, மாலை, வார இறுதி என்று அலுவலக நேரத்துக்கு வெளியே தொடங்க வேண்டும் என்பது விதி. மீதி ஒன்பதும் எப்போது வருமென்று எந்த நிர்வாகிக்கும் ஏறக்குறையத் தெரியும். போன ஆய்விலிருந்து ஒரு வருடம் தாண்டினால் தரை மெழுகு வாசம் அடிக்க ஆரம்பிக்கும், லீவில் இருப்பவர்களுக்குப் போன் போகும். ஆய்வு நடக்கும் நாள்களில் ஆள் கூடுவதும், முடிந்ததும் குறைவதும் சம்பளப் பட்டியலிலேயே தெரிகிறது என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

இல்லம் தேடும் குடும்பங்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். பியானோ இருக்கும் முன்கூடத்தைப் பார்த்து மயங்காமல் பின்பக்கத்துப் பிரிவுக்குப் போங்கள். அறை வாசலில் எரியும் அழைப்பு விளக்கு அணைய எவ்வளவு நேரமாகிறது என்று நின்று பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு காலியாக வெளியே வருகிறதா, தொடாமல் வருகிறதா என்று பாருங்கள். ஓர் உதவியாளரிடம், "இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க, இன்னிக்கு உங்க கையில எத்தனை பேர்?" என்று கேளுங்கள். நிர்வாகியிடம் கேட்காதீர்கள், அவர் நல்லவராக இருந்தாலும் அச்சடித்த பதிலைத்தான் சொல்வார். உங்கள் ஆய்வாளர்களையும் இதே நேரத்துக்கு அனுப்புங்கள். மேலாளர் பக்கத்தில் இல்லாமல் ராத்திரி ஷிப்ட் ஊழியரிடம் தனியே பேசச் சொல்லுங்கள். பேச முடிந்த நிலையில் இருக்கும் படைவீரர்களிடமும் பேசட்டும். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே வாழ்ந்தவர்கள், தாமாக வந்து புகார் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.

நான் கேட்கும் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம், புது மென்பொருளும் வேண்டாம். ஷிப்ட் தாள் சுவரில் இருக்கிறது, சம்பளப் பட்டியல் கணக்குப் பிரிவில் இருக்கிறது, மாத்திரை நேரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 150-க்கும் மேற்பட்ட மாநிலப் படைவீரர் இல்லங்களுக்கும் இல்லத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, அதில் இந்த மூன்றையும் முழு ஆய்வறிக்கையையும் மாதாமாதம் ஏற்றுங்கள். வரும் காலாண்டிலேயே தொடங்கலாம். முடியாது என்றால் எது தடுக்கிறது என்று எழுதுங்கள். பதில் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். எங்கள் இல்லத்துக் குடும்பங்களின் கூட்டத்தில் நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
ஒரு முன்னாள் படைவீரரின் மருமகள்